பாடகர் ஊரில் இல்லாதபோது வந்த தட்டு

1958 மார்ச்சில் அமெரிக்காவின் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் ஒரு எல்.பி. இசைத்தட்டை, அதாவது பல பாட்டுகள் அடங்கிய பெரிய தட்டை, வெளியிட்டது. பெயர் 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. பாடியவர் ஜானி மேத்திஸ். அவருக்கு அப்போது வயது 22. அவருடைய பெயர் நாடு முழுக்கத் தெரிய ஆரம்பித்து ஒரு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அந்த வயதில், அவ்வளவு குறுகிய கணக்கை வைத்துக்கொண்டு, 'மாபெரும் வெற்றிப் பாடல்கள்' என்று ஒருவர் பெயரில் தட்டுப் போடுவது அன்றைக்குக் கொஞ்சம் துணிச்சலான காரியம்தான்.

எது எவ்வளவு விற்கிறது என்று வாராவாரம் பட்டியல் போடும் அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டு. அதன் ஆல்பம் பட்டியலில் அந்தத் தட்டு 490 வாரம் இருந்தது. அதாவது 9 ஆண்டுகளுக்கும் மேல். அது வந்தபோது அமெரிக்காவுக்கு அதிபர் ஐசனோவர். பட்டியலிலிருந்து அது இறங்குவதற்குள் கென்னடி வந்து, சுடப்பட்டு, ஜான்சன் ஆட்சியும் பாதிக்கு மேல் நடந்துவிட்டது. பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்து, மேடைக் கச்சேரிகளையே நிறுத்தியும்விட்டார்கள். இந்தத் தட்டு அசையவில்லை.

இத்தனைக்கும் இது பாடகர் உட்கார்ந்து திட்டமிட்ட ஆல்பம் கிடையாது. அவர் ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார், புதிதாகப் பாட ஆள் இல்லை, கடைகளுக்கு ஏதாவது அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கம்பெனி சேர்த்துக் கட்டிய தொகுப்பு. மேத்திஸே பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். இடைவெளியை நிரப்ப வந்த ஒரு பொருள், நிரப்ப வேண்டிய இடைவெளி முடிந்த பிறகும் 9 வருடம் ஏன் விற்றது? இதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற வடிவமே பாடகர் இல்லாத இடத்தில்தான் பிறந்தது. ஆள் எதிரில் இல்லாதபோது அவர் குரலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மக்களுக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. அதைச் சரியாகச் செய்த முதல் பெரிய தட்டு இது.

கூடத்தில் ஒரு பியானோ

ஜானி மேத்திஸ் பிறந்தது 1935 செப்டம்பர் 30, டெக்சாஸ் மாநிலத்தின் கில்மர் என்ற சிற்றூரில். குடும்பம் சிறு வயதிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்துவிட்டது. ஏழு பிள்ளைகள் உள்ள கறுப்பினக் குடும்பம். அப்பா கிளெம், வாலிபத்தில் மேடைகளில் பாடி வாசித்துப் பார்த்தவர், பிழைப்பு வேறாகப் போனாலும் பாட்டை விடாதவர். ஒரு நாள் 25 டாலருக்கு ஒரு பழைய பியானோவை வாங்கி வந்தார். அது வாசலுக்குள் நுழையவில்லை. அப்பா அதைப் பிரித்துப் போட்டு, துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய், மறுபடி பூட்டினார். அதை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று பையன் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தானாம்.

இந்தச் சம்பவத்தை மேத்திஸைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சொல்வார்கள். நானும் விடப்போவதில்லை. அந்தக் குரலில் இருக்கும் பொறுமை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்தான் கண்ணில் நிற்கிறான்.

13 வயதில் கானி காக்ஸ் என்ற ஆசிரியையிடம் குரல் பயிற்சிக்குச் சேர்ந்தான். கட்டணம் கட்ட வசதி இல்லை. அதற்கு ஈடாக அவர் வீட்டில் சின்னச் சின்ன வேலைகள் செய்து கொடுத்தான். 6 வருடம் இப்படியே கற்றான். ஆப்பரா பாடகர்களுக்குத் தரும் அடிப்படைப் பயிற்சி அது: மூச்சைப் பிடிப்பது, ஸ்வரத்தை வளைத்து ஏறுவது, உச்சத்தில் குரலைக் கிழிக்காமல் மெல்லியதாக்குவது. பாப் பாட்டில் அவர் காட்டிய அந்தப் பட்டு நூல் போன்ற உச்சக் குரலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அதோடு பையன் நல்ல விளையாட்டு வீரன். உயரம் தாண்டுதலில் கல்லூரி அளவில் 6 அடி 5½ அங்குலம் தாண்டியவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கான தேர்வுப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அதே நேரத்தில் நியூயார்க்கில் பாட்டுப் பதிவு செய்ய கொலம்பியாவும் கூப்பிட்டது. அப்பாவிடம் கேட்டார். அப்பா பாட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

கொலம்பியாவுக்கு அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஜார்ஜ் அவாக்கியன். கம்பெனியின் ஜாஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் பிளாக் ஹாக் என்ற ஜாஸ் விடுதியை நடத்தியவர்களில் ஒருவரான ஹெலன் நோகாதான் மேத்திஸுக்கு மேனேஜர். அவர் விடாமல் பின்னால் சென்று அவாக்கியனைக் கேட்க வைத்தார். ஒரு விடுதியில் பையன் பாடியதைக் கேட்ட அவாக்கியன், வெற்று ஒப்பந்தத் தாளை அனுப்புங்கள் என்று கம்பெனிக்குத் தந்தி அடித்தார்.

ஆனால் முதல் ஆல்பம் ஓடவில்லை. 1956இல் வந்த அந்த ஜாஸ் ஆல்பத்துக்கு கில் எவான்ஸ், ஜான் லூயிஸ் போன்ற கை தேர்ந்தவர்கள் வாத்திய அமைப்பு செய்திருந்தார்கள். கேட்க அருமையாக இருக்கும், விற்பனைதான் இல்லை. அப்புறம்தான் மிட்ச் மில்லர் உள்ளே வருகிறார். கொலம்பியாவில் எந்தப் பாடகர் எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலியில் இருந்தவர், தானே ஓபோ என்ற ஊதுகருவி வாசிப்பவர். ராக் அண்ட் ரோலை அவருக்குப் பிடிக்காது. பையனை ஜாஸிலிருந்து திருப்பி மெதுவான காதல் பாட்டுகளுக்குக் கொண்டுவந்தார். மில்லரின் ரசனையோடு எனக்குப் பல இடங்களில் ஒத்துப்போகாது. இந்த ஒரு முடிவில் அவர் சரி.

இரண்டு தட்டு, இரண்டு உலகம்

இந்தக் கதை புரிய வேண்டுமானால் அன்றைய தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கொலம்பியா 1948இல் எல்.பி.யைக் கொண்டுவந்தது. 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பாடும். அடுத்த வருடமே போட்டிக் கம்பெனி ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டை விட்டது. 7 அங்குலம், நடுவில் பெரிய ஓட்டை, பக்கத்துக்கு ஒரு பாட்டு. இரண்டும் ஒன்றையொன்று கொல்லாமல் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டன. பள்ளிப் பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்கியது 45. பெரியவர்கள் வரவேற்பறைக்கு வாங்கியது எல்.பி.

இதனால் ஒரு விசித்திரமான வழக்கம் வந்தது. 45இல் ஹிட்டான பாட்டை எல்.பி.யில் சேர்க்க மாட்டார்கள். ஒரே பாட்டுக்கு ஒருவர் ஏன் இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். எல்.பி. வாங்குகிற பெரியவர் வேறு ஆள், அவருக்கு ஏற்கெனவே பழக்கமான நாடகப் பாட்டுகளும் பழைய பாட்டுகளும் போதும் என்ற நினைப்பு இன்னொரு காரணம். இதற்கு மேத்திஸையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1957இல் அவருடைய இரண்டாவது ஆல்பம் வந்தது. பெயர் 'வொண்டர்ஃபுல் வொண்டர்ஃபுல்'. அதே பெயரில் 'வொண்டர்ஃபுல்! வொண்டர்ஃபுல்!' என்ற பாட்டு வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பத்தை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 12 பாட்டுகள் இருக்கும், அந்தப் பாட்டு மட்டும் இருக்காது.

யோசித்துப் பாருங்கள். 1957இல் ஒரு வீட்டில் ஒரு பெண் மேத்திஸின் பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறாள். 45ஐ எடுத்து, நடு ஓட்டைக்கு அடைப்பானைச் செருகி, தட்டில் வைத்து, ஊசியை இறக்குகிறாள். 3 நிமிடம். பாட்டு முடிந்து ஊசி உள் வளையத்தில் கரகரவென்று சுற்றுகிறது. எழுந்து போய்த் திருப்ப வேண்டும், அல்லது அடுத்த தட்டைத் தேட வேண்டும். அவர் பாடியதோ காதலர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பாட்டுகள். ஒவ்வொரு 3 நிமிடத்துக்கும் ஒருவர் எழுந்தால் அந்தப் பாட்டுக்கு என்ன மரியாதை?

12 பாட்டு வந்த கணக்கு

1957 மேத்திஸுக்கு அடைமழை போல வந்த வருடம். 'வொண்டர்ஃபுல்! வொண்டர்ஃபுல்!' முதல் 20க்குள் வந்தது. அடுத்து 'இட்ஸ் நாட் ஃபார் மீ டு சே' முதல் 5க்குள். அந்த ஆண்டு ஜூனில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய பிறகு முகமும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் 'சான்ஸஸ் ஆர்'. பில்போர்டு அப்போது ஒரே பட்டியலாக வைத்திருக்கவில்லை. கடை விற்பனைக்கு ஒன்று, வானொலி ஒலிபரப்புக்கு ஒன்று என்று தனித்தனி. வானொலி அறிவிப்பாளர்கள் அதிகம் போட்ட பாட்டுகளின் பட்டியலில் 'சான்ஸஸ் ஆர்' முதலிடத்தைப் பிடித்தது. இன்று நாம் சொல்லும் ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்டில்தான் தொடங்கியது.

1958 தொடக்கத்தில் பாடகர் கடல் தாண்டிப் போய்விட்டார். கம்பெனியிடம் இருந்தவை பெரும்பாலும் பழைய சிங்கிள்களின், அதாவது 45 சுற்றுத் தட்டுகளின், மாஸ்டர் டேப்புகள் என்கிற மூலப் பதிவு நாடாக்கள்தான். அதை வைத்து எப்படி 12 பாட்டு தேற்றினார்கள் என்று பார்த்தால் அந்த அவசரம் அப்படியே தெரிகிறது.

'வொண்டர்ஃபுல்! வொண்டர்ஃபுல்!' தட்டின் மறுபக்கம் 'வென் சன்னி கெட்ஸ் ப்ளூ'. 'இட்ஸ் நாட் ஃபார் மீ டு சே' தட்டின் மறுபக்கம் 'வார்ம் அண்ட் டெண்டர்'. 'சான்ஸஸ் ஆர்' தட்டின் மறுபக்கம் 'தி ட்வெல்ஃப்த் ஆஃப் நெவர்'. 'வைல்ட் இஸ் தி விண்ட்' தட்டில் கூட இருந்தது 'நோ லவ்'. 'கம் டு மீ' தட்டில் 'வென் ஐ ஆம் வித் யூ'. ஐந்து சிங்கிள், இரண்டு பக்கமும் சேர்த்து 10 பாட்டு. ஆறாவது தட்டிலிருந்து 'ஆல் தி டைம்' மட்டும் எடுத்தார்கள். 11 ஆச்சு. ஒன்று குறைந்தது. அதற்கு, அதுவரை வெளிவராத 'ஐ லுக் அட் யூ' என்ற பாட்டைக் கடைசியில் வைத்து 12 ஆக்கினார்கள்.

ஆக, 'மாபெரும் வெற்றிகள்' என்ற பெயருக்குள் பட்டியலுக்கே வராத பி பக்கங்கள் (தட்டின் மறுபக்கப் பாட்டுகள்) மூன்றும், யாருமே கேட்டிராத பாட்டு ஒன்றும் உண்டு. பெயர் பொய் சொல்கிறது என்று ஒருவர் வாதிடலாம். தட்டை ஒருமுறை கேட்டால் அந்த வாதம் நிற்காது.

ஊசியை வைத்தால் கேட்பது

முதல் பக்கத்தில் முதல் பாட்டு 'சான்ஸஸ் ஆர்'. பியானோவிலிருந்து சில துளிகள், பின்னால் மெத்தென்று வாத்தியங்கள், அப்புறம் குரல். மேத்திஸ் சொல்லை உடனே முடிக்க மாட்டார். வரியின் கடைசி ஸ்வரத்தில் கொஞ்சம் தங்கி, மெல்லிய அதிர்வு ஒன்றைக் கொடுத்து, அது அடங்குவதற்குள் அடுத்த வரிக்குப் போவார். கேட்கிறவருக்கு, தன் காதுக்கு மட்டும் சொல்கிறார் என்று தோன்றும். இந்தப் பாட்டையும் 'இட்ஸ் நாட் ஃபார் மீ டு சே'யையும் எழுதியவர்கள் ராபர்ட் ஆலன், ஆல் ஸ்டில்மன் ஜோடி. இந்தத் தட்டின் பெரிய பாட்டுகள் பலவற்றுக்கு வாத்திய அமைப்பு ரே கானிஃப். பிற்பாடு தன் பெயரிலேயே நிறைய தட்டுப் போட்டுப் புகழ் பெற்றவர்.

'தி ட்வெல்ஃப்த் ஆஃப் நெவர்' பழைய நாட்டுப்புறப் பாட்டின் மெட்டில் எழுந்தது. மேத்திஸுக்கு ஆரம்பத்தில் இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. அதனால்தான் பி பக்கத்துக்குப் போனது. பி பக்கத்திலிருந்தே அது முதல் 10க்குள் ஏறியது. தன் பாட்டில் எது நிற்கும் என்பது சில நேரம் பாடுகிறவருக்கே தெரிவதில்லை, தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

'வென் சன்னி கெட்ஸ் ப்ளூ' பட்டியலுக்கு வராத பாட்டு. ஆனால் எனக்கு இந்தத் தட்டிலேயே மிகவும் நெருக்கமானது அதுதான். முதல் ஆல்பத்தின் ஜாஸ் பையன் இன்னும் போய்விடவில்லை என்று அதில் தெரியும். 45ஆகவே இருந்திருந்தால் இது ஹிட் பாட்டின் முதுகில் ஒட்டிய பாட்டாகக் காலப்போக்கில் காணாமல் போயிருக்கும். எல்.பி.க்குள் வந்ததால் 9 வருடம் அத்தனை வீடுகளிலும் 'சான்ஸஸ் ஆர்' ஒலித்த அதே பக்கத்தில் இதுவும் ஒலித்தது. பிறகு எத்தனையோ ஜாஸ் பாடகர்கள் எடுத்துப் பாடுகிற பாட்டாக நிலைத்தது.

இரண்டாவது பக்கத்தில் 'வைல்ட் இஸ் தி விண்ட்'. ஆந்தனி க்வினும் அன்னா மாக்னானியும் நடித்த அதே பெயர்ப் படத்துக்காக டிமித்ரி டியோம்கின் இசையமைத்து, நெட் வாஷிங்டன் எழுதியது. ஆஸ்கர் பரிந்துரை பெற்ற பாட்டு. நினா சிமோன், டேவிட் போவி என்று பின்னால் வந்தவர்கள் அதைப் புயலாகவே பாடினார்கள். மேத்திஸ் பாடியதில் காற்று ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது, அவர் உள்ளே இருந்து அதைப் பார்க்கிறார். முதலில் பாடியவர் இவர்தான் என்பது இன்று பலருக்கு மறந்துபோய்விட்டது.

கொஞ்சம் துள்ளலான 'வொண்டர்ஃபுல்! வொண்டர்ஃபுல்!' தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒரே நடை, ஒரே வெப்பம். ஒன்றரை வருட இடைவெளிக்குள் ஒரே ஆள், பெரும்பாலும் ஒரே கூட்டணி சேர்ந்து பதிவு செய்தவை. இதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒரு பாடகரின் 20 வருடப் பாட்டுகளைச் சேர்த்தால் குரல் மாறியிருக்கும், காலத்தின் நாகரிகம் மாறியிருக்கும், பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறிய மாதிரி இருக்கும். சீக்கிரமே போட்ட தொகுப்பில் அந்தச் சிக்கல் இல்லை. அவசரமாகச் சேர்த்த 12 பாட்டும் திட்டமிட்டு ஒரே வாரத்தில் பாடியவை போல ஒட்டிக்கொண்டன. அந்தப் பெண் இனி 3 நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டியதில்லை.

490 வாரம்: எவ்வளவு நம்பலாம்

வெளியான அந்த ஆண்டே தட்டு 3 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு உச்சியில் இல்லாவிட்டாலும் பட்டியலில் எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டே இருந்தது. 490 வாரம் என்ற சாதனையை பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1983 அக்டோபரில்தான் தாண்டியது.

இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பில்போர்டு பட்டியலே அந்தக் காலத்தில் நீண்டுகொண்டு போனது. 1958இல் சில பத்து ஆல்பங்களுக்கு மட்டும் இடம். 1961இல் மோனோ தட்டுகளுக்கு 150, ஸ்டீரியோவுக்கு 50 என்று தனித்தனியாக ஆனது. பிறகு இரண்டும் ஒன்றாகி, 1967 மே மாதம் 200 இடமானது. இடம் கூடக்கூட, மெதுவாக ஆனால் நிற்காமல் விற்கும் பழைய தட்டுக்குத் தங்க வசதி கிடைத்தது. பட்டியல் சிறியதாகவே இருந்திருந்தால் இந்தத் தட்டு எவ்வளவோ முன்னால் வெளியே போயிருக்கும்.

ஆனாலும் எண்ணின் பொருள் குறைந்துவிடாது. பட்டியலில் 120ஆவது இடத்தில் வருடக்கணக்காக இருப்பது, முதலிடத்தில் ஒரு மாதம் இருப்பதைவிட வேறு வகையான வெற்றி. ஒவ்வொரு வாரமும் யாரோ புதிதாக வந்து அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 1958இல் வாங்கியவர்கள் வேறு, 1965இல் வாங்கியவர்கள் வேறு. தேய்ந்த தட்டுக்குப் பதில் இன்னொன்று வாங்கியவர்கள் உண்டு. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும்போது தங்களுக்கென்று ஒன்று வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். புதுத் தட்டு வந்தால் பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிடும் தொழிலில், எடுக்க முடியாத தட்டு ஒன்று அலமாரியில் நின்றது. 'கேட்டலாக்' என்று இசைத் தொழிலில் சொல்கிறார்களே, பழைய பதிவுகளே நிரந்தர வருமானமாவது, அதன் பலத்தை பாப் இசையில் இவ்வளவு கண்கூடாகக் காட்டியது இந்தத் தட்டு.

அதே மாதம், இன்னொரு பாடகர்

மேத்திஸின் தட்டு வெளியான சில நாட்களில், மார்ச் 21 அன்று, ஆர்.சி.ஏ. விக்டர் எல்விஸ் பிரெஸ்லிக்கு 'எல்விஸ் கோல்டன் ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு தொகுப்பை வெளியிட்டது. 14 பாட்டு, எல்லாம் ஏற்கெனவே 45இல் வந்தவை. மூன்று நாள் கழித்து, மார்ச் 24இல், எல்விஸ் ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டு வருடம் பாட ஆள் இருக்க மாட்டார் என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். 1959இல், அவர் ஜெர்மனியில் சிப்பாயாக இருக்கும்போதே இரண்டாம் தொகுப்பும் வந்தது.

இன்னும் பின்னால் போனால் கிளென் மில்லர். அவர் பறந்த விமானம் 1944 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயின் மேல் காணாமல் போனது. அடுத்த ஆண்டு அவருடைய புகழ் பெற்ற பாட்டுகளை 78 சுற்றுத் தட்டுகளாக ஒரே உறைக்குள் சேர்த்து வெளியிட்டார்கள். அது பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஆகவே, வெற்றிப் பாட்டுகளைச் சேர்த்துப் போட்டதில் மேத்திஸின் தட்டு முதலாவது என்று சொல்வது சரியல்ல. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரை நிலைநாட்டி, எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றும் வடிவமாக்கியது அது என்றால் சரி.

மூன்று பேருமே அந்த நேரத்தில் ஊரில் இல்லை. ஒருவர் பயணத்தில், ஒருவர் ராணுவத்தில், ஒருவர் திரும்பவே இல்லை. கம்பெனிகள் காசுக்காகத்தான் செய்தன, அதில் சந்தேகமில்லை. தொகுப்பு ஆல்பங்களைக் கம்பெனியின் தந்திரம் என்று ஒதுக்கும் இசை ரசிகர்கள் எப்போதும் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். வாங்கியவர்கள் ஏன் வாங்கினார்கள் என்ற கேள்வியை அவர்கள் கேட்பதே இல்லை. அந்தத் தட்டை வீட்டில் வைத்திருந்தவருக்கு பாடகர் பக்கத்தில் இருந்தார்.

பாடகர் போனார், பாட்டு போகவில்லை

மேத்திஸ் விஷயத்தில் இது இன்னொரு முறையும் நடந்தது. 1963இல் அவர் கொலம்பியாவை விட்டு மெர்குரி கம்பெனிக்குப் போனார். ஏறக்குறைய மூன்று வருடம் அங்கே நிறையப் பாடினார். ஆனால் பழைய பதிவுகளின் மாஸ்டர் டேப் கொலம்பியாவின் சொத்து. ஒப்பந்தம் முடிந்து பாடகர் வெளியே போனாலும் டேப் கம்பெனியின் பெட்டகத்திலேயே இருக்கும். ஆக, அவர் புதிய கம்பெனிக்குப் பாடிக்கொண்டிருந்த அதே வாரங்களில், பழைய கம்பெனியின் 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' பட்டியலில் உட்கார்ந்திருந்தது. ஒரு பாடகர் தன் 22 வயதுக் குரலோடு தானே போட்டி போட வேண்டிய நிலை. ஒரு கலைஞனுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் மனது கனக்கிறது. 1967இல் அவர் கொலம்பியாவுக்கே திரும்பி வந்தார். 490 வாரக் கணக்கும் ஏறக்குறைய அந்த வருடத்தோடு முடிகிறது.

22 வயதில் 'மாபெரும் வெற்றிகள்' என்று முத்திரை குத்திவிட்டால் மிச்ச வாழ்க்கைக்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். மேத்திஸ் வாழ்ந்து காட்டினார். 1959இலேயே இரண்டாவது ஹிட்ஸ் தொகுப்பு வந்தது. அதே வருடம் 'மிஸ்டி' பாடினார். 1978இல் டெனீஸ் வில்லியம்ஸோடு சேர்ந்து பாடிய 'டூ மச், டூ லிட்டில், டூ லேட்' முதலிடம் பிடித்தது. 'சான்ஸஸ் ஆர்' உச்சிக்கு வந்து 21 வருடம் கழித்து. மேடையிலிருந்து அவர் விடைபெற்றது 2025 மே மாதம், 89 வயதில்.

இந்த வடிவம் அவரைத் தாண்டியும் வளர்ந்தது. ஈகிள்ஸ் குழு நான்கே ஆல்பம் போட்டிருந்தபோது, 1976 பிப்ரவரியில், 'தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வந்தது. அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்ற முதல் ஆல்பமும் அதுதான். 2018இல் அதற்கு 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்கான சான்று கொடுத்தார்கள். இதுவும் சீக்கிரமே போட்ட தொகுப்பு, குரலும் நடையும் மாறுவதற்கு முன் எடுத்தது. 1984இல் வந்த பாப் மார்லியின் 'லெஜண்ட்' தொகுப்போ அவர் இறந்து மூன்று வருடம் கழித்து வந்தது. அது 490 வாரத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

கடைசியில் 'ஐ லுக் அட் யூ'வுக்கு வருகிறேன். 12 ஆக்குவதற்காக இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வைத்தார்களே, அந்தப் பாட்டு. வானொலிகள் அதை ஹிட்டாக்கியதில்லை. அதைத் தேடி யாரும் கடைக்குப் போகவில்லை. மற்ற 11 பாட்டுக்காக வாங்கியவர்கள், ஊசியை எடுக்க எழுந்து போக மனமில்லாமல், அதையும் கேட்டார்கள். அப்படியே 9 வருடம். இன்றைக்கு அந்தத் தட்டைக் கேட்டாலும் பக்கம் முடிந்து கரகரப்புத் தொடங்குவதற்கு முன் கடைசியாகக் கேட்கும் மனிதக் குரல் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது.